காலித் தட்டும் நேராய் நிற்கும்

காலை ஏழரை மணிக்குச் சோதனை அறையைத் திறந்ததும் தராசு சார் செய்கிற முதல் வேலை, மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கிவந்து பிளேட்டின் மேல் வைப்பது. முத்திரை குத்திய பழைய இரும்புக் கல். பிளேட்டு என்று அங்கே எல்லோரும் சொல்வது, தரையோடு தரையாகப் பதித்திருக்கும் இரண்டு கறுப்புத் தகடுகளை. பார்ப்பதற்குப் பக்கத்தில் பக்கத்தில் போட்ட இரண்டு மிதியடி மாதிரி இருக்கும். அதன் மேல் ஏறி நிற்பவர், குதிப்பவர், இறங்குபவர், எந்தக் காலால் எவ்வளவு அழுத்துகிறார் என்று நொடிக்கு ஆயிரம் முறை பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கல்லை வைத்தால் திரையில் இருபது என்று வர வேண்டும். வராத நாளில் தராசு யாரையும் உள்ளே விடமாட்டார்.

விளையாட்டு மையத்துப் பிள்ளைகள் அந்தக் கல்லுக்கு 'மூத்த பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"என்ன சார், மூத்த புள்ளைக்கு டெஸ்ட் முடிஞ்சுதா? பாஸா?"

"பாஸ். உங்கள மாதிரி கண்டதையும் தின்னுட்டு வந்து நிக்க மாட்டான் அவன். நேத்து என்னவோ அதான் இன்னிக்கும்."

தராசு என்பதும் பிள்ளைகள் வைத்த பெயர்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது வெளியே வருவதில்லை. ஒல்லியான உடம்பு, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி. இந்த வேலைக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் எடை இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். கடையில் இருக்கும் கைத்தராசு, கிடங்கில் இருக்கும் மேடைத் தராசு, லாரியையே ஏற்றி நிறுத்தி எடை போடுகிற பெரிய மேடை, எல்லாம் அவர் கைபட்டவை.

பதினொரு வருடம் முன்பு, தரையில் இருக்கிற எடை மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று இந்த மையத்திலிருந்து ஆள் வந்து கூட்டிப்போனார்கள். பிளேட்டு என்றால் என்னவென்றே அவருக்கு அன்று தெரியாது. தகட்டைக் கழற்றிப் பார்த்தார். நான்கு கால்களில் ஒன்றின் திருகு தளர்ந்திருந்தது. முறுக்கினார். சரியாகிவிட்டதா என்று பார்க்க, அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பிசியோதெரபிப் பெண்ணை ஏறி நிற்கச் சொன்னார். திரையில் ஒரு கோடு ஓடியது. ஐம்பத்தெட்டு கிலோ.

"சும்மா நின்னா போதாதுங்க, இதுல குதிக்கணும்" என்று பிசியோ இடுப்பில் கைவைத்துக் குதித்தாள்.

கோடு ஆடியது. முதலில் கீழே இறங்கியது. குதிக்கப்போகிற ஆளின் எடை குறைவதை அவர் கண்ணால் பார்த்தார். பிறகு மளமளவென்று ஏறி, ஒரு குன்று மாதிரி வளைந்து, சட்டென்று விழுந்து தரையோடு படுத்தது. பூஜ்யம். கொஞ்ச நேரம் பூஜ்யமாகவே ஓடியது. அப்புறம் அவள் இறங்கிய வேகத்தில் திரையின் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது.

தராசு திருப்புளியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் எதையெதையெல்லாமோ எடை போட்டிருக்கிறார். உயிரோடு இருக்கும் ஒரு மனுஷி ஒன்றுமே எடையில்லாமல் இருந்த அந்த அரை நொடியை அன்றுதான் பார்த்தார்.

"இன்னொரு தடவை குதிங்க மேடம்" என்றார்.

"ரிப்பேர் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. எனக்காகக் குதிங்க."

அதற்கு அடுத்த மாதம் இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். "லாரியை எடை போட்ட மனுஷன் இப்ப குதிக்கிற பொண்ணுங்கள எடை போடறாராம்" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான குதிகளைப் பார்த்தாகிவிட்டது, அந்தப் பிரமிப்பு மட்டும் தேயவில்லை. ஒருவர் குதிக்கும் கோடு இன்னொருவருக்கு வராது என்று கண்டுகொண்டார். சிலருக்கு ஒரே குன்று. சிலருக்கு ஒட்டகத் திமில் மாதிரி இரண்டு. பெயரை மறைத்துவிட்டுத் தாளை நீட்டினால், இது அந்த உயரம் தாண்டுகிற பையன், இது அந்தக் கோல்கீப்பர் என்று சொல்லிவிடுவார். பேனா பிடிக்காமலே காலால் போடுகிற கையெழுத்து.

பழைய தொழிலிலிருந்து ஒரு வழக்கத்தையும் அவர் இங்கே கொண்டுவந்திருந்தார். எடை மெஷினைப் பழுதுபார்க்கப் போனால், திருகைத் தொடுவதற்கு முன்னால், அது வந்தபடி என்ன காட்டுகிறது என்று எழுதி வைத்துவிட வேண்டும். தப்பாகவே காட்டினாலும் அதை எழுத வேண்டும். கைவைத்த பிறகு முன்பு எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், அடிபடாத, வலியில்லாத, நன்றாக ஓடியாடுகிற எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் குதிக்கவைத்துத் தாளில் அச்செடுத்து வைத்தார்.

"நோயே இல்லாதவனுக்கு எதுக்கு சார் வைத்தியம்?" என்று கைப்பந்து அணியின் கோச் ஒவ்வொரு வருடமும் கேட்பார். "ஒரு நாள் பிராக்டிஸ் வீணாப் போகுது."

"இது வைத்தியம் இல்ல கோச். அடையாளம் எழுதி வைக்கிறது."

அந்த வரிசையில் அவருடைய தங்கை மகளும் வருவாள். அணியில் அவளுக்குக் கொக்கு என்று பெயர். ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. வலைக்கு முன்னால் எழும்பினால் எதிரணிக்காரிகள் கழுத்தை மேலே தூக்க வேண்டும். அவள் கோடு தராசுக்கு மனப்பாடம். ஏறும்போது உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், துணியில் விழுந்த மடிப்பு மாதிரி, சின்னதாக ஒரு பள்ளம் விழும். பிறகு மேலே போகும். வேறு யாருக்கும் அந்த மடிப்பு கிடையாது.

போன பருவத்தில், பந்தை அடித்துவிட்டு இறங்கும்போது அவளுடைய இடது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை, ஊன்றுகோல், பிறகு பிசியோவின் மேசை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் நொண்டிக்கொண்டே போய்ச் சுவரில் மாட்டியிருந்த பதக்கங்களை எல்லாம் எடுத்து ஷூ பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஆணிகளையும் பிடுங்கிவிட்டாள். சுவரில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவள் அம்மா அந்த ஓட்டைகளைப் பார்க்காமல் கூட்டிப் பெருக்கப் பழகிக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, கொக்கு சோதனைக்கு வந்தாள். லீக் போட்டிக்கு இருபது நாள் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அணிப் பட்டியல் போக வேண்டும். கோச் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, ஏறவா?"

"இங்க மாமா கிடையாது. சார்."

"சரிங்க சார் மாமா."

முதலில் இரண்டு காலாலும் குதித்தாள். பிறகு ஒவ்வொரு காலாலும் மும்மூன்று முறை. நல்ல காலான வலது கால் பதினாலு புள்ளி ஆறு சென்டிமீட்டர். அடிபட்ட இடது கால் பதினாலு புள்ளி இரண்டு. நல்ல காலில் நூற்றுக்கு எத்தனை பங்கு அடிபட்ட காலில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தானே போட்டுச் சொல்லும். தொண்ணூறைத் தாண்டினால் பச்சை. திரையில் தொண்ணூற்றேழு என்று வந்தது. சுற்றிலும் பச்சை வட்டம்.

பிசியோ வாயைப் பொத்திக்கொண்டாள். பதினொரு வருடம் முன்பு அந்த முதல் குதியைக் குதித்தவள்தான். இந்த எட்டு மாதமும் கொக்குவின் முழங்காலை அங்குலம் அங்குலமாக மடக்கி நீட்டியவள். கோச் எழுந்து உள்ளே வந்தார்.

"பேர் போட்டுடலாமா?"

"போடுங்க" என்றாள் பிசியோ. "டாக்டருக்கும் இப்பவே அனுப்பிடறேன்."

தராசும் சிரித்தார். ஆனால் திரையிலிருந்த கோட்டைப் பார்த்தபோது, படம் ஒன்றைக் கழற்றிவிட்ட அறைக்குள் நுழைந்த மாதிரி என்னவோ போலிருந்தது. எது இல்லை என்று பிடிபடவில்லை. பச்சை வட்டம் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அவர் வீட்டுக்கு மேல்மாடியில்தான் அவள் குடியிருக்கிறாள். மாடிப்படி இறங்கி வந்து சொல்லலாம். ஆனால் அவருக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

"அண்ணா, வர்ற வழியில ஆணி வாங்கிட்டு வா. இவ மெடலை எல்லாம் வெளிய எடுத்து வச்சிருக்கா. நானா எதுவும் சொல்லல, அவளாவே எடுத்தா."

அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. ஆணி வாங்க அவர் தனக்குப் பழக்கமான இரும்புச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் இன்னும் கைத்தராசில்தான் ஆணி நிறுப்பவர். அந்தத் தராசைப் பலமுறை சரிசெய்து கொடுத்தவர் இவர்தான்.

"வாங்க வாங்க. உங்க முன்னாடி எடை போடறதுன்னா வாத்தியார் முன்னாடி வாய்ப்பாடு சொல்ற மாதிரி" என்றபடி கடைக்காரர், வழக்கம்போல, சரக்கைப் போடுவதற்கு முன் வெறும் தராசைத் தூக்கிக் காட்டினார். "பாத்துக்குங்க. முள்ளு நேரா நிக்குதா?"

நின்றது. இரண்டு தட்டும் ஒரே மட்டம். இரண்டு தட்டிலும் ஒன்றுமில்லை.

கடைக்காரர் ஆணியை அள்ளிப் போட்டு, கல்லை வைத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டி நீட்டினார். தராசு வாங்கவில்லை. வெறும் தட்டுகள் ஆடி ஓய்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நாட்களில் ஒவ்வொரு கடைக்காரருக்கும் அவர் சொன்ன வாசகம் ஒன்று உண்டு: முள் நேராக நின்றால் தராசு சரி என்று அர்த்தம், சரக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

"என்னங்க, எடை குறையுதா?"

"ஆமா" என்றார். "இங்க இல்ல."

வீட்டுக்குப் போகாமல் மையத்துக்குத் திரும்பினார். போன வருடம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது கம்ப்யூட்டரும் புதிதாகிவிட்டது. பழையதிலிருந்த கணக்குகள் எதுவும் இதில் ஏறவில்லை. அவர் அச்செடுத்து வைத்த தாள்கள் அட்டைக் கோப்புகளில், பொருளறையின் பரணில், கிழிந்த வலைகளுக்கும் காற்றுப்போன பந்துகளுக்கும் நடுவே கிடந்தன. ஏணி போட்டு ஏறினார். நான்காவது கோப்பில் இருந்தது. கைப்பந்து அணி, பருவத் தொடக்கம். கொக்கு அடிபடுவதற்கு ஏழு வாரம் முன்பு.

வலது கால் பத்தொன்பது. இடது கால் பதினெட்டு புள்ளி ஐந்து.

காலையில் எடுத்த தாளையும் பழைய தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. இரண்டு கோடுகளும் தெரிந்தன. பழைய குன்று உயரமாக, உச்சிக்கு முன்னால் அந்த மடிப்போடு. புதியது அதற்குள் அடங்கிக் குட்டையாக, வழவழவென்று, யாருடையதாகவும் இருக்கக்கூடிய ஒரு குன்று. காலையில் காணாமல் போயிருந்தது அந்த மடிப்புதான்.

பென்சிலால் கணக்குப் போட்டார். இடது கால் அதன் பழைய பலத்தில் நூற்றுக்கு எழுபத்தேழு. வலது காலையும் போட்டார். எழுபத்தேழு.

மறுபடி போட்டார். அதே எழுபத்தேழு.

அடிபட்டது இடது கால். கத்தி பட்டதும் இடது கால். வலது காலை யாரும் தொடவில்லை, அது ஒரு நாளும் வலிக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் எட்டு மாதமாக, பக்கத்தில் படுத்திருப்பவனுக்குத் துணையாகத் தானும் சாப்பிடாமல் கிடப்பவனைப் போல, சத்தமில்லாமல், படிப்படியாக, அதுவும் இறங்கிவந்திருக்கிறது. இடது கால் ஏறிக்கொண்டிருந்தது, வலது கால் இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டும் ஒரு மட்டத்தில் சந்தித்துக்கொண்ட நாளில் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். உடம்பு தன் தராசைச் சாயவே விடவில்லை. பரண் தூசி படிந்த கையோடு அவர் அந்த இரண்டு எழுபத்தேழையும் பார்த்துக்கொண்டிருந்தார். பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில், சொல்லக் கூச்சமாக, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் காலையில் பிசியோவிடம் இரண்டு தாளையும் வைத்தார். அவள் பென்சிலை வாங்கிக் கணக்கைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தாள்.

"நல்ல கால்னு நாமளே பேர் வச்சுட்டோம்ணே" என்றாள் கடைசியில். "அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இந்தக் காலோட அவ இருபது நாள்ல வலைக்கு முன்னாடி எகிறிக் குதிச்சிருந்தா..." முடிக்காமல் டாக்டருக்குப் போன் செய்யப் போனாள்.

கோச் லேசில் விடவில்லை.

"மிஷின் தொண்ணூத்தேழு சொல்லுது. நீங்க எழுபத்தேழுங்கறீங்க. மிஷினை நம்பறதா, உங்களையா?"

"மிஷின் பொய் சொல்லல கோச். ஒரு கால் மாதிரி இன்னொரு கால் இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னு சொல்லுச்சு. பழைய மாதிரி இருக்கான்னு நான் கேக்கவே இல்ல. கையெழுத்துப் போட்டது நான். தப்பும் என்னுது."

"பட்டியல் நாளைக்குப் போகணும் சார். அவ இல்லாம எனக்கு அடிக்க ஆளில்ல."

"ஜவ்வு மறுபடி அறுந்துட்டா அடுத்த வருஷமும் இருக்க மாட்டா."

கோச் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். தங்கை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நேத்து தொண்ணூத்தேழு, இன்னிக்கு எழுபத்தேழு. பொழுது விடியறதுக்குள்ள இருபதை எலி தின்னுடுச்சா அண்ணா?"

"இருந்தாத்தானே தின்ன. நான்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

"அடுத்த வீட்டுப் பொண்ணா இருந்தா இந்நேரம் வாழ்த்தி அனுப்பியிருப்ப. சொந்தப் பொண்ணுன்னா மட்டும் பரண் ஏறித் தாள் தேடத் தோணுது உனக்கு."

அவர் மனைவி குறுக்கே வந்தாள். "அவர் அடுத்த வீட்டுக்காரிக்கும் ஏறுவார். எனக்கு ஒரு பாத்திரம் எடுத்துக் கொடுக்கத்தான் ஏற மாட்டார்."

யாரும் சிரிக்கவில்லை. கட்டிலின் மேல் பதக்கங்கள் வரிசையாகக் கிடந்தன. கொக்கு அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என் காலு எனக்குத் தெரியாதா மாமா?" என்றாள். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. "வலி இல்ல. வீக்கம் இல்ல. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. எனக்குத் தெரியுது."

பையிலிருந்து பழைய தாளை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் பார்த்தாள். கோட்டின் மேல் விரலை வைத்து அடியிலிருந்து மேலே போனாள். உச்சிக்கு முன்னால், மடிப்பு வந்த இடத்தில், விரல் நின்றது.

"இது யாரு?"

"நீதான்."

"பொய்."

"தேதியப் பாரு. உன் பேரு இருக்கு பாரு."

அவள் பெயரைப் பார்த்தாள். எண்களைப் பார்த்தாள். "பத்தொன்பதா?" என்றாள். "ஒத்தைக் கால்ல நான் பத்தொன்பது எகிறினேனா?" அதைக் கேட்ட விதத்தில், எப்போதோ கூடவே இருந்த ஒருத்தியின் உயரத்தை மறந்துவிட்ட வியப்பு இருந்தது. கால்கள் மட்டுமல்ல, அவளும் மறந்திருந்தாள். நிற்கிற மட்டத்தையே தன் மட்டம் என்று நம்பிவிட்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து போனை எடுத்து அவளே கோச்சைக் கூப்பிட்டாள். "பட்டியல்ல என் பேரு வேணாம் கோச்" என்றாள். போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை பதக்கங்களை எடுத்து மறுபடி ஷூ பைக்குள் போட்டாள். அந்தச் சத்தம் தராசுக்கு நாலு நாள் காதில் இருந்தது. ஆணிப் பொட்டலத்தை அவர் கொடுக்கவில்லை; சோதனை அறையின் மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

பிசியோ பயிற்சியை மாற்றினாள். இனி இரண்டு காலுக்கும் வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் கொக்கு பிளேட்டில் ஏறினாள். முதல் மூன்று வாரம் "சார்" என்று மட்டும் கூப்பிட்டாள், மாமா போய்விட்டிருந்தது. ஐந்தாவது வாரம் வலது கால் பதினேழைத் தொட்டது, இடது கால் பதினைந்து புள்ளி ஒன்றுதான். பச்சை வட்டம் மறைந்து மஞ்சளாகிவிட்டது. எண்பத்தொன்பது.

அன்று மாடியிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "தொண்ணூத்தேழு எழுபத்தேழாச்சு. இப்ப எண்பத்தொன்பதாம். விலைவாசி கூட இப்படி ஏறி இறங்காது. நல்லா இருக்கு அண்ணா உன் கணக்கு."

"அது நல்ல சேதிம்மா" என்றார் படியடியில் நின்று. "நல்ல கால் முதல்ல முழிச்சுக்கிச்சு. அதான் வித்தியாசம் தெரியுது."

"முழிச்சது முழிச்சுதே, பக்கத்துல இருக்கறதையும் ஒரு உதை விட்டு எழுப்பச் சொல்லு."

அது சண்டையா சமாதானமா என்று தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாடியிலிருந்து ஒரு கிண்ணம் இறங்கி வந்தது.

லீக் அவள் இல்லாமல் நடந்தது. கொக்கு பெஞ்சில் உட்கார்ந்து, நேரம் கேட்டு நிறுத்தும்போதெல்லாம் தண்ணீர் பாட்டில்களை எடுத்து நீட்டினாள். அரையிறுதியில் அணி தோற்றது. கோச் தராசிடம் ஒரு மாதம் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் வாசலில் நின்று, அடுத்த பருவத்துக்கு எல்லோரையும் எந்தக் கிழமை அனுப்ப என்று கேட்டார். பிராக்டிஸ் வீணாகிறது என்ற பேச்சு அந்த முறை வரவில்லை.

பதினோராவது வாரச் செவ்வாய். வழக்கம்போல மூத்த பிள்ளை இருபது காட்டிவிட்டு மூலைக்குப் போயிருந்தான். கொக்கு ஒவ்வொரு காலாலும் குதித்தாள். வலது கால் பதினேழு புள்ளி ஒன்பது. இடது கால் பதினேழு புள்ளி ஒன்று. கம்ப்யூட்டர் பச்சை வட்டத்துக்குள் தொண்ணூற்றாறு என்றது.

பிசியோ சிரித்துவிட்டாள். "அன்னிக்கு இதைவிட ஒண்ணு அதிகம்."

தராசு திரையைப் பார்க்கவில்லை. பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தார். பழைய பலத்தில் இடது கால் தொண்ணூற்றிரண்டு, வலது கால் தொண்ணூற்றுநாலு. போதும். இது இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று பிசியோவும் அவரும் வைத்திருந்த தொண்ணூறு என்ற எல்லையை இரண்டு காலும் தாண்டிவிட்டன.

"இப்ப ரெண்டு காலாலயும்" என்றார்.

அவள் இடுப்பில் கைவைத்தாள். தாழ்ந்தாள். கோடு இறங்கியது. ஏறியது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், துணியில் விழுந்த மடிப்பு மாதிரி, சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது. பிறகு மேலே போனது. பூஜ்யம் ஓடியது. அவள் இறங்கினாள்.

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் அதே இடத்தில் அதே மடிப்பு.

பலத்துக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வேகத்துக்குக் கொடுத்தார்கள், இறங்குவதற்குக் கொடுத்தார்கள். இந்த மடிப்புக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அதற்கென்று ஒரு பயிற்சி உலகத்திலேயே கிடையாது. அது திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது அவர் மட்டும்தான். அவர் யாரிடமும் சொல்லவில்லை. கத்தி வைத்துத் தைத்த முழங்காலில், வேறிடத்திலிருந்து எடுத்துக் கட்டிய ஜவ்வில், கரைந்து மறுபடி வளர்ந்த தசையில், இத்தனை மாதம் அது எங்கே இருந்தது? எதன் இடுக்கில் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது?

"என்ன மாமா, எதாவது தப்பா?"

மாமா திரும்பி வந்திருப்பதை அவர் கவனிக்காமல் இல்லை.

"தப்பு இல்ல" என்றார். கண்ணாடியை மறுபடி கழற்றினார். "வந்துட்டே" என்றார்.

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, பிளேட்டின் மேலேயே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள், அவிழ்த்துக் கட்டினாள். தராசு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். இழுப்பறையைத் திறந்து ஆணிப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். காகிதம் பழுப்பேறியிருந்தது.

"உங்கம்மாகிட்ட குடு. லேசா துரு பிடிச்சிருக்கும்."

"சுவத்துக்குள்ள போனா யாருக்குத் தெரியும்" என்று அவள் வாங்கிக்கொண்டாள். பிசியோ அவள் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனாள். தாழ்வாரத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போகிற சத்தமும், பொட்டலத்துக்குள் ஆணிகள் குலுங்குகிற சத்தமும் கொஞ்ச தூரம் கேட்டன.

அறையில் தராசு தனியாக இருந்தார். திரையில் அந்தக் கோடு அப்படியே நின்றது. அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது; சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது, இவ்வளவு பெரியதை ஒரே பார்வையில் நம்பிவிடக் கூடாது என்ற பழைய கைப்பழக்கம். மூலைக்குப் போனார். துணியை விலக்கினார். அந்த நேரத்தில் ஒருநாளும் தூக்காத கல்லைத் தூக்கிவந்து, அவள் நின்ற இடத்தில், மெதுவாக வைத்தார்.

இருபது காட்டியது.